உடைந்த அப்பளத்துக்கு இடமில்லை

பேட்டை, திருநெல்வேலி
8 ஜூன் 2024

அன்பு விஜிக்கு,

நிலோஃபர் எழுதுவது. நலம்தான். இப்போதைக்கு அப்படியே நம்பிக்கொள்.

கடுதாசியைப் பார்த்ததும் 'இவளுக்குக் கிறுக்கா, ஒரு போன் பண்ணினால் ஆகாதா' என்று நினைப்பாய். அந்தப் போனால் வந்த வினைதான் இது. வலது காதுக்குள் எந்நேரமும் வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். வேலை நேரம் போக மற்ற நேரம் போனைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெயில் போட்டால் நீ ஆபீஸ் பாஷையில் பதில் போடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நம் கம்பெனியின் பில்லிங் சாப்ட்வேரை வாங்கின கடைக்காரர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் என்று உனக்கே தெரியும். அத்தனை பேருக்கும் பதில் சொல்ல இந்தக் கிளையில் நானும் ஹெப்ரானும்தான். இன்னொரு ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. "திருநெல்வேலியில்தான் புகாரே குறைவு, அங்கே எதற்கு ஆள்?" என்கிறது சென்னை.

குறைவுதான். ஏன் குறைவு என்று யாரும் கேட்கவில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளக் குழுவை நடத்துகிற பாலம்மாள் அக்காவை எடுத்துக்கொள். உடைந்து திரும்பி வருகிற அப்பளத்தை வரவில் ஏற்றினால், நம் சாப்ட்வேர் அதை நல்ல அப்பளத்தோடு சேர்த்துக் கூட்டிவிடுகிறது. உடைந்ததற்கு என்று அதில் இடமே இல்லை. மாசக் கடைசியில், சரக்கு வைக்கிற கிட்டங்கியில் இல்லாத அப்பளம் கம்ப்யூட்டரில் இருக்கும். உடனே எனக்குப் போன். "ஏம்மா நிலோ, மறுபடியும் கூட்டிக் காட்டுதும்மா, செத்த பாரேன்." நான் உள்ளே போய்ச் சரிசெய்துவிடுவேன். என் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறினவரிடம், முறைப்படி புகார் பதிந்து நம்பர் வாங்குங்கள் என்று எப்படிச் சொல்ல? புன்னக்காயல் கருவாட்டு வியாபாரி வரை இதே கதைதான். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாலும் ஒரு கையில் போன்.

நீ இப்போது ப்ராசஸ் பிரிவின் தலைவி. நீ சொன்னால் ஆள் வரும். காலேஜில் உனக்கு எத்தனை ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுத்திருப்பேன்! அந்த உரிமையில் கேட்கிறேன். ரொம்ப அசந்து போயிருக்கிறேன், விஜி.

உன்
நிலோ

சோழிங்கநல்லூர், சென்னை
17 ஜூன் 2024

நிலோக் குட்டிக்கு,

உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! பிரித்ததும் சிரிப்பு வந்தது. படித்து முடித்ததும் வருத்தமாக இருந்தது. காதை அலட்சியம் பண்ணாதே.

ஆள் கேட்கிறாய். வாங்கித் தருவதாகவே வைத்துக்கொள், என்ன ஆகும்? கடைக்காரர் உன்னைக் கூப்பிடுகிறார், நீ சரிசெய்கிறாய், புகார் பதிவாவதில்லை. பதிவாகாததால் சாப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குப் பிழை இருப்பதே தெரியாது. பிழை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அடுத்த மாசம் மறுபடி உனக்குப் போன். ஒழுகுகிற குழாய்க்கு அடியில் நீ குடத்தை மாற்றி மாற்றி வைக்கிறாய். தரை நனையாததால் குழாயைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இன்னொரு ஆள் என்றால் இன்னொரு குடம், அவ்வளவுதான். இதில் கெட்டவர் என்று யாரும் இல்லை. ஆளுக்கு ஆள் நல்லவர்களாக இருந்தே இதைச் சுற்ற விடுகிறோம்.

துண்டு துண்டாகப் பார்க்காமல் மொத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதைத்தான் சிஸ்டம்ஸ் திங்கிங் என்று இங்கே வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். அதனால் எனக்காக ஒன்று செய். ஜூலையிலிருந்து சொந்தப் போனில் யாருக்கும் சரிசெய்யாதே. எல்லோரும் பதிவு பண்ணட்டும். புகார் ஏறும், ஏறட்டும். ஏறினால்தான் இங்கே உள்ளவர்கள் விழிப்பார்கள், பிழையைத் திருத்துவார்கள், உனக்கும் நிரந்தரமாக ஓய்வு கிடைக்கும்.

கொஞ்ச நாள் கஷ்டமாக இருக்கும். இங்கே நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

உன்
விஜயஸ்ரீ

பேட்டை
27 ஜூலை 2024

அன்பு விஜிக்கு,

நீ சொன்னபடியே நடக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்துவிடுகிறேன். முதல் இரண்டு நாள் கை தானாகப் போனைத் தேடியது. அப்புறம் மஃரிபு தொழுதுவிட்டு நிதானமாகச் சோறு தின்றேன். உம்மா என்னை ஒரு மாதிரி பார்த்து, "வேலைய விட்டுட்டியாட்டி?" என்று கேட்டாள்.

ஊரில் என் பெயர் கெட்டுவிட்டது. பாலம்மாள் அக்கா பஸ் ஏறி ஆபீசுக்கே வந்துவிட்டார். "ஏளா, ஒனக்கு என்னதான் ஆச்சு? ஒரு போன்ல தீருத சோலிக்கு எவனோ நம்பரு குடுக்கான். அந்த நம்பர வச்சு நான் அப்பளமா பொரிக்க?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்காவை உட்கார வைத்து, அவர் பெயரில் நானே புகாரைப் பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

புகார் மளமளவென்று ஏறுகிறது. ஹெப்ரானுக்குப் பயம். "யக்கா, வண்டி ஓடலேன்னா மாட்டத்தான் அடிப்பானுவ. நாம செய்யுதது சரிதானா?" என்கிறான். விஜி இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ எழுதின வட்டத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். கடைக்காரர், நான், சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறோம். உன்னைத்தான் காணோம். புகார் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிற உன் மேலாளர்களையும் காணோம். அவர்களை எங்கே வரைய? சும்மா தோன்றியது, கேட்டேன்.

உன்
நிலோ

சோழிங்கநல்லூர்
14 செப்டம்பர் 2024

நிலோ,

ஆபீஸ் மெயில் வரும் முன் என் கையால் உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். திருநெல்வேலிக் கிளையை இந்த மாசத்தோடு மூடுகிறார்கள். வேலை முழுவதும் சென்னைக்கு வருகிறது. ஹெப்ரானை இங்கே எடுத்துக்கொள்வார்கள். மூத்த ஆள் சம்பளத்துக்கு இடமில்லை என்று உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பிழையைத் திருத்த மாசக்கணக்கில் ஆகும். புகார் எண்ணிக்கையோ மறுநாளே திரையில் சிவப்பாக வந்து நின்றுவிடும். 'இத்தனை வருஷம் நன்றாக இருந்த கிளை திடீரென்று கெட்டுவிட்டது' என்று மேலாளர்கள் கூட்டத்தில் சொன்னார்கள். அது கெடவில்லை, இப்போதுதான் உண்மையைக் காட்டுகிறது, அப்படிக் காட்டச் சொன்னது நான் என்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். அதே வாரம் என் பிரிவிலும் ஆள் குறைப்புப் பேச்சு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கிளையை மூடச் சொல்லும் அறிக்கையில் உள்ள கையெழுத்தும் என்னுடையதுதான்.

வட்டத்தில் நான் எங்கே என்று கேட்டாயே, அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

திட்டியாவது எழுது.

விஜி

சோழிங்கநல்லூர்
11 நவம்பர் 2024

அன்பு நிலோவுக்கு,

நீ பதில் போடவில்லை. போட வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை. ஆனாலும் வேறு வழி தெரியாமல் எழுதுகிறேன்.

பாலம்மாள் அக்காவின் புகார் இங்கே சுற்றிச் சுற்றி வருகிறது. இங்கே புகார் பார்க்கிற பிள்ளைகள் 'தீர்ந்தது' என்று மூடுகிறார்கள், மாசக் கடைசியில் அது மறுபடி திறக்கிறது. சாப்ட்வேரைத் திருத்துவது மார்ச்சுக்குத் தள்ளிப்போய்விட்டது. இந்த மாசமும் சரியாகாவிட்டால் விலகிவிடுவோம் என்று அப்பளக் குழு எழுதியிருக்கிறது. அவர்கள் போனால் அந்தப் பக்கத்துக் கடைகள் ஒவ்வொன்றாகப் போகும். அதற்கு இங்கே என்னைத்தான் பதில் சொல்லச் சொல்கிறார்கள்.

ஹெப்ரானைக் கேட்டேன். "அத யக்கா மட்டுந்தான் பாப்பாங்க" என்கிறான். நீ உள்ளே போய் எதை மாற்றுவாய், நிலோ? ஒரு வரி எழுதினால் போதும். உன் பெயர் எங்கேயும் வராது.

காது எப்படி இருக்கிறது?

விஜி

பேட்டை
18 நவம்பர் 2024

விஜிக்கு,

காது பரவாயில்லை. வண்டு எப்போதாவது வந்து எட்டிப்பார்க்கிறது. இங்கே நாலு நாளாக மழை, ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம்.

உன் மேல் கோபம் என்று நினைக்காதே. கோபம் இருந்திருந்தால் செப்டம்பரிலேயே நாலு பக்கம் திட்டி எழுதியிருப்பேன். அசதிதான். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே இத்தனை நாள் போய்விட்டது.

பாலம்மாள் அக்காவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். போன வாரம் நானே கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். உடைந்த அப்பளத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல் தனியாக எழுதி வையுங்கள், வசதிப்படும்போது வேறு சாப்ட்வேருக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். "இத முன்னமே சொல்லிருக்கலாம்லா" என்றார். சொல்லியிருக்கலாம்தான். போன் பேசுகிற அவசரத்தில் எனக்கே தோன்றவில்லை. இந்தத் தடவை டீ கொடுத்தார், குடித்தேன்.

நீ கேட்டது ஒரே வரிதான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுதினால் இந்த மாசம் உனக்குத் தீர்ந்துவிடும், மார்ச்சில் திருத்துவதும் தள்ளிப்போகும், டிசம்பர் கடைசியில் இன்னொரு கடுதாசி வரும். குடம் வைக்காதே என்று எனக்குச் சொன்னவள் நீ. நீ சொன்னது சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால் எழுதவில்லை.

அதுவும் முழு உண்மை இல்லை, விஜி. அந்தக் கூட்டத்தில் எனக்காக நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால், கிளையை மூடியிருந்தாலும் சரி, என் வேலை போயிருந்தாலும் சரி, இந்த ஒரு வரியை நீ கேட்கும் முன்னே எழுதி அனுப்பியிருப்பேன்.

உம்மா உனக்கு சலாம் சொல்லச் சொன்னாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மீ. நிலோஃபர்