இல்லாத முதல் ஏடு

அன்பு மகள் மக்பூலாவுக்கு, நம் பாலைவன ஊர் ஷிங்கீத்திலிருந்து உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யார் உடம்புக்கும் குறைவில்லை, உனக்கும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் உன் கடிதம்.

பாரிஸ் பழம்புத்தகக் கடையில் ஏட்டில் உள்ள எதை எந்தப் பெயரால் எழுத வேண்டும் என்று பழகுவதாகச் சொல்லியிருந்தாய். பூச்சி தின்ற வழி புழுத்துளை, மழை குடித்த இடம் நீர்க்கறை, எழுதியவர் பெயரும் தேதியும் சொல்லி முடிப்பது முடிப்புரை. கரையான் தின்ற மிச்சத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகு நீ உதாரணத்துக்கு எழுதிய புத்தகம் வந்தது. சிவப்பு ஆட்டுத்தோல் அட்டை, கிழிந்த மடிப்பு நீல நூலால் தைத்தது, முதல் ஏடு இல்லை, மற்றபடி முழுமை. அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த நீல நூல் என் முக்காட்டிலிருந்து உருவியது மகளே, நீ ஊரைவிட்டுப் போன பிறகு நான் தைத்தது. அது நம் குடும்பப் பெட்டியில் இருக்க வேண்டிய புத்தகம். முதல் ஏடு ஏன் இல்லை என்று உன் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியாதா? அங்கேதானே நம் முன்னோர் 'இது வக்ஃபு, விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது, விற்றவன் கை விளங்காது' என்று எழுதிவைத்தார்கள்.

உன் தம்பி இஸல்மூ போன மாதம் வந்த வெளியூர்க்காரர்களோடு சுற்றியது ஞாபகம் வந்து அவனைக் கேட்டேன். "பூச்சி தின்னதுக்கெல்லாம் என்னையக் கேப்பியா உம்மா, போயி வேலையப் பாரு" என்றான், முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தொழப் போன நேரத்தில் மெத்தையை உதறினேன், உறைக்குள் அந்த ஏடு. புத்தகத்தை விற்றவனுக்கு, அல்லாஹ்வின் பெயரில் தொடங்கும் ஏட்டை எரிக்கவோ எறியவோ மட்டும் கை வரவில்லை. உட்கார்ந்து அழுதேன்.

பயமாக இருக்கிறது. பேரீச்சை அறுவடை முடிந்ததும் நம் குடும்பத்து நான்கு வீட்டாரும் கூடிப் பெட்டியைத் திறந்து புத்தகங்களைக் காற்றாட வைப்பார்கள், உன் பெரியப்பா ஹமூத் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுப்பார். அன்று இஸல்மூவின் கதி என்ன? சொன்னால் அவனுக்குச் சிறை. சொல்லாமல் 'முதல் ஏடு இல்லை' என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் திருட்டில் உனக்கும் பங்கு வந்துவிடும், மகனோடு மகளும் போய்விடுவாள்.

இதைக் கொண்டுவரும் சாலிக் நம்பிக்கையானவர், ஆனாலும் இதோடு அவர் தரும் துணிப்பொட்டலத்தை அவர் முன்னால் பிரிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் கழுத்தை மூடிக்கொள். அல்லாஹ் உனக்குத் துணிவைத் தரட்டும், உன் தம்பியை மன்னிக்கட்டும். மறக்காமல் உன் குறிப்பில் 'முதல் ஏடு இல்லை' என்ற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடு. முதல் ஏடு பொட்டலத்தில் இருக்கிறது.

உன் உம்மா,
தெஸ்லெம்