முன்சீட்டு

ஜனவரி 9, வெள்ளி

விழுப்புரம் ஷோரூமில் கார் புக் பண்ணியாயிற்று. நீல நிறம். விற்பனைப் பையன் பிரவீன்குமார் காபி கொடுத்து, "உக்காந்து பாருங்க மேடம்" என்று முன்கதவைத் திறந்துவிட்டான். உட்கார்ந்தேன். இவர் ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து, இவர் ஓட்டும் இடத்தில் இருக்க, நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. வண்டி நகரவில்லை என்பது வேறு விஷயம்.

இவர் பன்னிரண்டு வருஷமாக டாக்டர் சவுரிராயனுக்கு டிரைவர். அந்த வண்டியில் ஊரில் பாதிப் பேர் ஏறியிருப்பார்கள். நான் கண்டமங்கலத்தில் பஸ் பிடித்து, புதுச்சேரி கம்பெனி வரைக்கும் நின்றுகொண்டே போகிறேன்.

ஏப்ரலில் ஒலக்கூரில் அண்ணன் மகளுக்குக் காது குத்து. அதற்குள் வண்டி வந்துவிட வேண்டும். அண்ணன் வீட்டு வாசலில், முன்கதவைத் திறந்துகொண்டு நான் இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 12

கடன் என் பேரில். சம்பளச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது. இவருக்கு டாக்டர் கையில் கொடுப்பதுதான் சம்பளம்.

அத்தையிடம் சொன்னோம். "வெளிய மூச்சு வுடாதீங்க, கண்ணு பட்டுடும்" என்றார். மாமியாரின் ஆசீர்வாதம் இப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 20

பிரவீன்குமார் போன். "பேங்க்ல ரொம்ப டைட் பண்ணிட்டாங்க மேடம். முன்னாடி சம்பளச் சீட்டைப் பாத்தா போதும். இப்ப வூட்டுக்கே ஆளு அனுப்பி விசாரிக்கிறாங்க. முன்பணத்தையும் ஏத்திட்டாங்க."

வளையலைக் கழற்றி, அடகு வைக்க இவரிடம் கொடுத்தேன்.

ஜனவரி 28

கடன் இல்லை என்றுவிட்டார்கள்.

ஜனவரி 29

காரணம் தெரிந்தது. நாங்கள் வேலைக்குப் போயிருந்தபோது வங்கி ஆள் வந்திருக்கிறான். வாசலில் மல்லாட்டையை உரித்துக் கடலை எடுத்துக்கொண்டிருந்த அத்தைதான் பதில் சொல்லியிருக்கிறார்.

"எவனோ போனைக் கையில வெச்சிக்கினு வந்து, நெலம் இருக்குதா, வருமானம் எவ்ளோன்னு கேட்டான். மாசாமாசம் கவர்மெண்ட்ல வர்ற ஆயிரத்த நிறுத்த வந்தவன்னு நெனச்சிக்கினேன். நெலமா, ஏதுப்பா? கஞ்சிக்கே பேஜாரா கீது, மருமவளுக்குச் சம்பளமே ஒழுங்கா வர்றதில்லன்னேன். அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சு, பாவம்."

"அய்யோ அத்தை!"

"இன்னா அய்யோ? வர்றவன் போறவன் கிட்டல்லாம் எனக்கு இருக்குதுன்னு எவளாவது சொல்லுவாளா?"

சொல்ல மாட்டாள்தான். என் அம்மாவும் சொன்னதில்லை. ஆனாலும் எனக்கு வந்த கோவத்துக்கு— சே, எழுதி இன்னா ஆவப் போவுது. போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

பிப்ரவரி 5

வேறொரு நிதி நிறுவனத்தில் மனு போட்டிருக்கிறோம். வட்டி அதிகம். அங்கேயும் ஆள் அனுப்புவார்களாம். இவர் ராத்திரி அத்தையை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

"இந்தத் தடவை வர்றவன் கிட்ட இல்ல இல்லன்னு சொல்லாதம்மா. இருக்கறதச் சொல்லு. கூச்சப்படாத."

அத்தை தலையை ஆட்டினார். ஆட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 12

வந்துவிட்டான். அத்தை கூச்சப்படவில்லை.

முக்கால் ஏக்கர் ஆறு ஏக்கராயிற்று. ஒரு மாடு நாலு மாடாயிற்று. டாக்டரைப் புதுச்சேரியில் இறக்கிவிட்டு, இவர் வீட்டுக்கு வந்து பின்னால் குளித்துக்கொண்டிருந்தாராம். வாசலில் டாக்டர் வண்டி. "இது யார் வண்டிம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"நம்மளுதுதான். தவணையெல்லாம் ஜோரா கட்டிக்கினு வர்றான் எம் புள்ள."

இவர் துண்டோடு ஓடி வந்தபோது அவன் பைக் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 16

ஏற்கெனவே ஒரு கார் கடன் இருப்பதை மறைத்துவிட்டோமாம். இங்கேயும் கடன் இல்லை.

"நான் எடுத்துச் சொல்லிப் பாத்துட்டேன் மேடம். ஒரு சந்தேகம் வந்தாலே இப்ப ஃபைல மூடிடுறாங்க" என்றான் பிரவீன்குமார்.

ஒரே வீடு. ஏழ்மைக்காக ஒரு தடவை, வசதிக்காக ஒரு தடவை தள்ளிவிட்டார்கள்.

அத்தை சாப்பிடவில்லை. "எம் புள்ளைக்கு நானே எமனாயிட்டேனே" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். திட்டலாம் என்று போனவள், தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

பிப்ரவரி 27

முன்பணத்தைத் திரும்ப வாங்க ஷோரூம் போனோம். ஈ காக்கை இல்லை. காபியைப் பிரவீன்குமாரே போட்டுக்கொண்டு வந்தான். காபி போடும் அம்மாவை நிறுத்திவிட்டார்களாம்.

"இந்த மாசம் ரெண்டே டெலிவரி மேடம். ஜனங்க வர்றாங்க, ஆசையா புக் பண்றாங்க, லோன்ல வந்து நின்னுடுது. டெலிவரி வண்டிக்கு மாலை கட்டற அம்மாவே போன் பண்ணி, இன்னா சார், மாலையே கேக்க மாட்டேன்றீங்கன்னு கேக்குது."

நீல வண்டி மூலையில் நின்றது. இவர் கைக்குட்டையை எடுத்து, அதன் மேலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தார்.

வளையல் கைக்கு வந்துவிட்டது.

மார்ச் 14

டாக்டர் புது கார் வாங்கிவிட்டார். முழுப் பணமும் ரொக்கம். நீல நிறம். எங்கள் பேருக்கு ஒதுக்கி வைத்திருந்த அதே வண்டி.

மாலை போட்டு ஓட்டி வந்தது இவர்தான்.

"நல்லா போவுதா?"

"வெண்ண மாதிரி."

எனக்கு வயிறு எரிந்தது. டாக்டர் நல்ல மனுஷர்தான், இருந்தாலும் எரிந்தது.

மார்ச் 21

புதுசுக்குக் கடன் கிடைக்காதவர்கள் எல்லாம் பழசு தேடுவதால், டாக்டரின் பழைய வண்டிக்கு நல்ல விலை கேட்டிருக்கிறார்கள். அதே விலைக்கு நீ எடுத்துக்கொள், மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்.

"வூட்டுக்கு ஆளு அனுப்பி விசாரிக்க வேணாங்களாய்யா?" என்று இவர் கேட்டாராம்.

"பன்னெண்டு வருசமா நீ ஓட்ட, நான் பின்னால தூங்கிக்கினு வர்றேன். இன்னும் இன்னாடா விசாரணை?"

இதை இவர் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். விலையில் டாக்டர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

டாக்டருக்கு ஈஸ்டர். இவருக்கு லீவு.

காலையில் எங்கள் வண்டி வாசலில் நின்றது. பக்கத்து வீட்டுப் பொன்னி எட்டிப் பார்த்து, "இன்னா பெரிம்மா, கார்ல கெளம்பிட்டீங்க? யார் வண்டி?" என்றாள்.

"டாக்டரோடதுடி. ஒரு நாளைக்குக் குடுத்திருக்காரு. நமக்கு ஏது?" என்று சொல்லிவிட்டு அத்தை பின்சீட்டில் ஏறிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். இவர் ஓடி வந்து இன்னொரு பக்கத்துப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்து நின்றார். பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று.

"மூடுங்க" என்றேன். நானே முன்கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பழைய சீட்டு, ஓரத்தில் கிழிசல். கண்ணாடியை இறக்கிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது காற்றினால் என்று இவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

திண்டிவனம் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒலக்கூரில் சொந்தபந்தம் எல்லாம் வாசலில் நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். அண்ணி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அடியே கலை, யாரோடதுடி இது?" என்றாள்.

மூன்று மாதமாகக் காத்திருந்த கேள்வி.

"டாக்டரோடது அண்ணி, நமக்கு ஏது?" என்றேன்.