நீ விட்டதை நான் திரும்பக் கையில் கொடுத்தேன்

என் டிபன் பாக்ஸை என்னைக் கேட்காமலே திறக்கும் உரிமை பெற்ற ஏழுமலைக்கு,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிவிட்டன. ஒரகடம் ரோட்டில் இன்னும் இரண்டு கம்பெனி வந்துவிட்டது. கம்பெனி அசெம்ப்ளி லைனில் உன் இடத்தில் ஒடிசாக்காரர் ஒருவர் நிற்கிறார், நல்ல மனிதர். உன் மகள் யாழினி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இதையெல்லாம் உனக்குச் சொல்ல நினைக்கும்போது ஒரு விஷயம் குறுக்கே வந்து நிற்கிறது. இன்று அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சிகரெட்டை விட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

சங்கரன்கோவிலிலிருந்து வந்து படப்பையில் ரூம் எடுத்தபோது எனக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தீப்பெட்டி கேட்டுத்தான் உன்னோடு பேச ஆரம்பித்தேன். ஷிஃப்டுக்கு முன்னால் ஒன்று, முடிந்ததும் ஒன்று. சூப்பர்வைசர் திட்டியது, வீட்டுச் சண்டை, எல்லாவற்றையும் சிகரெட் தீர்வதற்குள் பேசிவிடுவோம். இப்படிப் பத்து வருஷம். எனக்கு வேண்டியிருந்தது புகையா, பக்கத்தில் நின்ற நீயா? அப்போது நான் பிரித்துப் பார்க்கவே இல்லை.

பிறகு யாழினியின் பள்ளி ஆண்டு விழா வந்தது. அவள் மேடையில் ஆடிய நேரத்தில் நீ வெளியே நின்று புகைத்துக்கொண்டிருந்தாய். மறுநாள் சொன்னாய்: "ரெண்டே நிமிசம்னு போனேன் மச்சான். திரும்பி வந்தா ஆட்டம் முடிஞ்சி போச்சு. கொயந்த என்னைத் தேடிகினே ஆடுச்சாம்." அன்றோடு விட்டாய். மூன்று மாதம், வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் போனாய்.

நான் அங்கே தனியாக நின்றேன். பத்து தடவை முயன்றும் என்னால் முடியாததை நீ செய்துவிட்டாய் என்று எரிச்சல். நீ மறுபடி பிடித்தால், நான் மட்டும் தோற்றவன் இல்லை என்றாகிவிடும். அன்று இப்படி வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்தது இதுதான்.

பக்கத்து ரூம்காரன் மூலமாக ஒரு வேப் வாங்கினேன், பேட்டரியில் ஓடும் சிகரெட். தடை செய்த சரக்கு. பேனா மாதிரி இருந்தது, மாம்பழ வாசனை வந்தது. பஸ்ஸுக்காக நின்ற உன்னிடம் நீட்டினேன்.

"வேணாம் மச்சான். நான் வுட்டுட்டேன்."

"இது சிகரெட்டே இல்லலே. வெறும் ஆவி. ஒரு இழுப்புல என்ன ஆயிரும்?"

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு வாங்கிக்கொண்டாய்.

சிகரெட் தீர்ந்தால் கீழே போட்டு மிதிக்கலாம். இதற்கு எங்கே நிறுத்துவது என்றே இல்லை. வாசனை காட்டிக்கொடுக்காது என்று பஸ்ஸில், பாத்ரூமில் எல்லாம் இழுத்தாய். இரண்டு மாதத்தில் அதுவும் போதாமல் சிகரெட்டுக்குத் திரும்பினாய். நாம் மறுபடி டீக்கடையில் சேர்ந்து நின்றோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இப்போது தாங்க முடியவில்லை.

ஒரு மத்தியானம் லைனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தெட்டு வயது. பிரஷரும் இருந்திருக்கிறது, புகையும் இருந்திருக்கிறது, ஒன்றை மட்டும் காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். சுடுகாட்டில் உன்னை விட்டுவிட்டு வெளியே வந்ததும் நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒன்று பற்றவைத்தேன்.

போன மாதம் இருமல் தாங்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஆலோசனை சொல்லும் அம்மா என்னைத் திட்டவில்லை. "ஒவ்வொரு தடவையும் பத்தவைக்கிறதுக்கு முந்தி மனசுல என்ன இருந்துச்சுன்னு ஒரு நோட்ல எழுதுங்க" என்றார். எழுதினேன். டீ. பஸ் லேட். சூப்பர்வைசர். அதன் பிறகு பக்கம் பக்கமாக உன் பெயர். உன் நினைவு வந்தால் புகைக்கிறேன், புகைத்தால் நீ பக்கத்தில் நிற்பது போல ஒரு நிமிஷம் இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அடுத்தது. உனக்காகத் துக்கப்படக்கூட எனக்குச் சிகரெட் இல்லாமல் தெரியவில்லை.

அந்த நோட்டைப் படித்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்துக்கு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி கலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வேப்பை உன் கையில் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்ணா. அவரே சொன்னாரு. 'மாரி தனியா நின்னுகினு கீறான் கலா, பாக்க ஒரு மாதிரி கீது, அதான் வாங்கிகினேன்'னாரு."

என் முகத்தில் நீ அன்று பார்த்தது அதுதானா?

"என் மேல கோவம் இல்லியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம எப்டிண்ணா? கீது. நீயும் அவராட்டம் பூட்டா அந்தக் கோவத்த நான் யாராண்ட காட்றது? சிகரெட்ட வுட்டுடு."

அன்றோடு விட்டேன், பத்தொன்பது நாள் ஆகிறது. நடுவில் ஒருநாள் தவறினேன். ஒளிக்காமல் நோட்டில் எழுதினேன்.

யாழினி ஒருநாள் அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்பாள். அன்று நான் செய்ததை மறைக்காமல் அவளிடம் சொல்வேன். அதைச் சொல்லி முடித்ததும் பற்றவைக்க எழுந்து வெளியே போக மாட்டேன். அவள் என்ன கேட்டாலும், எவ்வளவு அழுதாலும், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

கலாவுக்கு இன்னும் அண்ணனாகவே இருக்கும்,
உன் மச்சான் மாரிமுத்து