கல்லுக்குப் பழகிய கை

என் பிரியத்துக்குரிய ராஜி அக்கா,

நீ இறந்துபோன பிறகும் நம் தோசைக்கடையை மூடவில்லை. அடி அண்ணாமலையில் அதே புங்க மரத்தடியில்தான் தோசைக்கல் காய்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்கள் இன்னும் பசியோடு வந்து நிற்கிறார்கள். ஆனால் மாவு ஊற்றும் என் கையைப் பார்த்ததும் சிலர் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.

கை முழுக்க மரு, அக்கா. நீ இருந்தபோது கட்டைவிரலில் ஒன்றே ஒன்று இருந்ததே, அது குட்டி போட்டுப் பரவிவிட்டது. கோயிலில் உப்பும் மிளகும் போட்டேன். ஊதுபத்தியால் சுடச் சொன்னார்கள், அதையும் செய்தேன். புண்தான் மிச்சம். அதற்கெல்லாம் நான் அசரவில்லை. என்னிடம் வளர்கிற உன் மகள் தர்ஷினியின் விரலில் ஒன்று முளைத்ததைப் பார்த்த அன்றுதான் பயந்துபோனேன்.

தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட்டது இந்தக் கைதானே?

லாரியோடு போயிருந்த மாமா வந்து பார்த்தார். உன் புருஷன் கத்துகிற ஆளில்லை, உனக்குத் தெரியும். மெதுவாகத்தான் சொன்னார். "புள்ள கைக்கும் வந்துடுச்சு கலா. சரியாவுற வரைக்கும் வேலூர்ல எங்க அக்கா வூட்ல இருக்கட்டும்." போனவள் திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. அவர் பெற்றவர். நான் யார்?

டவுனில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் ஓடினேன். "இது வைரஸ்மா. தோலுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு, உடம்புக்கு அடையாளம் தெரியல. இதமான சூடு கொஞ்ச நேரம் விடாம குடுத்தா, உடம்பே கண்டுபிடிச்சி விரட்டும். ஒண்ணுக்குக் குடுத்தா மத்ததும் சில பேருக்கு உதிரும். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். மிஷின் விளக்கின் கீழ் கையை வைத்தேன். ஆறிப்போன காபி டம்ளரைத் தொட்ட மாதிரி இருந்தது. இதில் என்ன ஆகப்போகிறது?

எனக்கோ அவசரம். வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் விரல்களை முக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இதமாகத்தான் இருந்தது, சத்தியமாக. காலையில் பார்த்தால் விரலெல்லாம் கொப்புளம்!

டாக்டரம்மா கோபித்துக்கொண்டார். "தோசைக்கல் பக்கத்துலயே காப்புக் காய்ச்சுப்போன கைம்மா இது. எது இதம், எது சூடுனு அதுக்கு எப்படித் தெரியும்? வீட்ல நீங்களா எதுவும் செய்யாதீங்க." நீ இருந்தால் சிரித்திருப்பாய். வெந்த தோசையை விரலால் புரட்டுகிறேன் என்று எத்தனை முறை என்னைத் திட்டியிருக்கிறாய்!

புண் ஆறும்வரை எனக்கு வைத்தியம் கிடையாது. அதனால் இன்று தர்ஷினியை உட்கார வைத்தார்கள். விளக்கின் கீழ் விரலை நீட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தாள். "சுடுதா பாப்பா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, இன்னும் வைங்க" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள் அக்கா. உன் பிள்ளையல்லவா, எனக்குத் தெரியாதா?

நான் எழுந்து அவள் கையை வெளியே இழுத்துவிட்டேன். "நெசத்தைச் சொல்லுடி. சுடுதா?"

"கொஞ்சம் சுடுது சித்தி. ஆனா சீக்கிரம் போச்சுன்னாதானே நான் இங்கயே இருக்கலாம்?"

மாமா பேசியதை இந்தக் குட்டி எங்கிருந்து கேட்டாள்? டாக்டரம்மா சூட்டைக் குறைத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மரு போகுமா, எத்தனை மாதம் ஆகும், தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார். எவ்வளவு நாளானாலும் பிள்ளை என்னோடுதான் இருப்பாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். அவர் கேட்பாரா என்ற பயம் இருக்கிறது. இருந்தாலும் சொல்வேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. சூடு விஷயத்தில் இனி என் கையை நம்ப மாட்டேன், அவள் வாயைத்தான் நம்புவேன். என்னிடம் இருப்பதற்காக உன் மகள் வலியை மறைக்கும்படி இனி ஒருநாளும் விட மாட்டேன்.

உன் தங்கை,
உன் மகளை விட்டுக்கொடுக்காத சித்தி,
கலா