ஆரஞ்சா, நீலமா

பிப்ரவரி 9, திங்கள்

பழைய வண்டியை விற்றாயிற்று. ஷெட்டில் எண்ணெய்க் கறை மட்டும் கிடக்கிறது. ஆகஸ்ட் மலை பைக் போட்டிக்குள் புதியது வாங்க வேண்டும். போன வருடம் பாதி மலையில் முழங்கால் தசைநார் கிழிந்து ஸ்ட்ரெச்சரில் இறங்கியவள் நான். இந்த வருடம் வண்டியோடு முடிக்க வேண்டும். எத்தனையாவது என்பதெல்லாம் அப்புறம்.

டூ ஸ்ட்ரோக்தான், அதில் பேச்சே இல்லை. ஆரஞ்சு கம்பெனியா நீலக் கம்பெனியா என்பதில்தான் சண்டை. அண்ணன் ஆரஞ்சுக் கட்சி. வண்டி, தொப்பி, பனியன், சாவிக்கொத்து எல்லாம் அதே கம்பெனி.

"யோசிக்க என்ன இருக்கு? இதுல பட்டனைத் தட்டினா ஸ்டார்ட் ஆகும். நீலத்தை உதைக்கணும். உன் கால் தாங்குமா?"

கிழிந்தது வலது முழங்கால். உதைக்க வேண்டியதும் வலது காலால். அவன் சொல்வது நியாயம்தான். அதனால்தான் இவ்வளவு எரிச்சல் வருகிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணனுடைய ஆரஞ்சை ஓட்டிப் பார்த்தேன். பட்டன் சுகம்தான். ஆனால் சீட்டு உயரம்! நின்றால் என் கால்விரல் மட்டும் மண்ணைத் தொடுகிறது. கல் சரிவில் நிறுத்தினேன், வண்டியும் நானும் அப்படியே சாய்ந்தோம்.

"சீட்டைக் கொஞ்சம் வெட்டிக்கலாம்" என்கிறான். சீட்டை என்ன, என் எலும்பை நீட்டித் தரவும் ஆள் பிடிப்பான்; நீலத்தை ஓட்டிப் பார் என்று மட்டும் சொல்ல மாட்டான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

மார்ச் 1, ஞாயிறு

'புகை' தன் நீல வண்டியை ஓட்டிப் பார்க்கத் தந்திருக்கிறார். டூ ஸ்ட்ரோக் தவிர வேறு எந்த இன்ஜினையும் தொடாத மெக்கானிக் என்பதால் அந்தப் பெயர். ஏறி உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் தரையில்! திமிறாமல் இழுக்கிறது. சரிவில் பாதியில் நிறுத்தினேன், மறுபடி கிளப்பி ஏறினேன். சிரித்துக்கொண்டே ஓட்டியதில் வாயெல்லாம் மண்.

ஸ்டார்ட் செய்ய மட்டும் அவரே உதைத்துத் தந்தார். மலையில் யார் வந்து உதைப்பார்கள்?

மார்ச் 4

நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில் கூட்டம் குறைந்ததும் பிசியோதெரபி பெண்ணைப் பிடித்தேன். உதைப்பதற்குப் பயிற்சி வேண்டும் என்றேன்.

"எதைக்கா உதைக்கப் போறீங்க?"

"முதல்ல வண்டியை. அப்புறம் எங்கண்ணனை."

மார்ச் 8, ஞாயிறு

நீலம் நின்றுவிட்டது. பழைய கல்குவாரிக்கு அண்ணனோடு போயிருந்தேன், காலையெல்லாம் நன்றாக ஓடியது. பெட்ரோல் நிரப்பிக் கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் — கிரீச்சென்று ஒரு சத்தம், பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தேன். உதைக்கும் பெடல் அசையவே இல்லை. அண்ணன் தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"அப்பவே சொன்னேன்ல? சமயத்துல காலை வாரிவிடுற வண்டி அது."

இரவல் வாங்கிய வண்டி வேறு.

மார்ச் 9

ஆரஞ்சுக்கே சொல்லிவிடலாம். அசதியாக இருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லவில்லை. நல்லவேளை.

புகை இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். டாங்கில் இருந்ததைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எண்ணெயே இல்லைம்மா. யார் ஊத்துனது?"

நான் செயின் பார்த்துக்கொண்டிருந்தபோது ஊற்றியது அண்ணன், அவனுடைய கேனிலிருந்து. ஆரஞ்சில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி. இன்ஜின் தானே எடுத்துக்கொள்ளும். நீலத்துக்கு நாம்தான் பெட்ரோலில் கலந்து ஊற்ற வேண்டும். என் கேன் பக்கத்திலேயே இருந்தது. கலந்து வைத்த கேன்.

அவன் கண்ணாடிக் கடைக்கே போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வெளுத்துப் போயிற்று. "வேணும்னு செய்யல... பழக்க தோஷம்" என்றான்.

பழக்க தோஷமாம்! நான் ஓட்டுற வண்டில ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிடும்? சின்ன வயசுலேர்ந்து இதேதான். எனக்கு எது நல்லதுன்னு அவனே முடிவு பண்ணுவான், அவனே செய்வான், நான் தலையாட்டணும். அப்புறம் வண்டி மேல பழி வேற! — அத்தனையும் கடையில் வைத்தே கேட்டுவிட்டேன். கண்ணாடி வாங்க வந்தவர் வாங்காமலே போய்விட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 14, சனி

புது பிஸ்டனும் சிலிண்டரும் அண்ணனே வாங்கி வந்தான். புகையின் ஒர்க்‌ஷாப்பில் நானே மாட்டினேன். போல்ட் திருகும்போது அவன் கை இரண்டு முறை நீண்டது. நான் நிமிர்ந்து பார்த்ததும் மடங்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் வண்டி இருமிக்கொண்டு கிளம்பிவிட்டது. இதைக்கூட என்னால் பூட்ட முடியுமா! இன்னும் நம்ப முடியவில்லை.

மார்ச் 15

நீலம்தான் வாங்குகிறேன். பேச்சு முடிந்தது.

ஜூன் 6

கால் பலத்தால் மட்டும் ஓங்கி உதைத்தால் முழங்கால் கத்துகிறது. பெடல் இறுகும் இடம்வரை மெல்ல இறக்கி, அங்கே ஏறி நின்று உடம்பைப் போட்டால் போதும். எடை கூடியதற்கு முதன்முறையாக ஒரு பலன்.

இன்றும் வீக்கம். ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாளையும் உதைப்பேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

போட்டியில் பாதி வழியில் ஓடையில் விழுந்தேன். இன்ஜின் தண்ணீர் குடித்துவிட்டது. வண்டியைக் கரைக்கு இழுத்து, ப்ளக்கை மாற்றி உதைத்தேன். சத்தமே இல்லை. மறுபடி. மறுபடி. பட்டன் இருந்திருந்தால் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்?

அதே போட்டியில் எனக்குப் பின்னால் வந்த அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். வேறு யார் கை பட்டாலும் நான் போட்டியிலிருந்து அவுட். அது அவனுக்கும் தெரியும்.

"நீ போடா! உன் நேரம் போகுது!"

போகவில்லை. ஒரு யோசனை, ஒரு அதட்டல், ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முழங்கால் தீயாக எரிந்தது. ஏறி நின்று முழு உடம்பையும் போட்டேன். ஒரு முறை திக்கியது. அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை அவன் முகத்திலேயே அடித்தது. இருமினான், ஆனால் சிரித்தான். நான் கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் முடிவுகளைப் பலகையில் ஒட்டினார்கள். கடைசிக்கு முந்தின இடம் எனக்கு. கடைசி இடம் அண்ணனுக்கு.