தரையில் உன் தம்பியின் கண்

மகள் வீட்டில் சௌகரியமாக இருக்கும் என் வீட்டுக்காரிக்கு, இங்கே சௌகரியமாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரியும் உன் வீட்டுக்காரன் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் இடுப்பு எலும்பும் நலம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீதான் நம்ப மாட்டேன் என்கிறாயாம்.

போனில் பேசலாம்தான். ஆனால் தரை என்று ஆரம்பித்தாலே நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிப்பாய். கண்ணாடியைப் போட்டுக்கொள்.

அந்த வெள்ளைத் தரை போய்விட்டது. நீ வழுக்கி விழுந்த இடத்தில்தான் முதல் சம்மட்டியைப் போடச் சொன்னேன். "எது தரை, எது தண்ணின்னே தெரியல. அந்த வீட்டுக்கு இனிமே வரமாட்டேன்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னாயே, அப்போதே முடிவு செய்துவிட்டேன். உன்னை மாற்ற முடியாது, தரையை மாற்றலாம்.

மாற்றுவது என்று ஆனதும் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. நான் அசல் மரத்தின் பக்கம். மகன், பலகை மாதிரியே ஒன்றோடொன்று கோத்துப் போடுகிற லேமினேட் போதும், ஒரே நாளில் வேலை முடியும் என்றான். மருமகள் மரம் மாதிரி இருக்கிற டைல்ஸ் என்றாள், துடைக்கிறவள் அவள்தானே. (இதை எழுதும்போது "அப்படிச் சொல்லுங்க மாமா" என்கிறாள்.)

கடைக்குப் போனோம். நீ தொட மாட்டேன் என்று விட்டுவிட்டுப் போன கைத்தடியையும் எடுத்துப் போனேன். கடைக்காரர் எனக்குத்தான் முடியவில்லை என்று நினைத்து நாற்காலி போட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். அதை அசல் மரப் பலகையின் மேல் ஊற்றினேன். "ஐயா, குடிக்கக் குடுத்தது" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்தேன். காலுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா. ஆனால் தடியை ஊன்றினால் பாலிஷில் சறுக்கிக்கொண்டு போகிறது. கடைக்காரரும் நல்ல மனுஷன். "இது கூடத்துக்கு ராஜா. குளியலறைப் பக்கம் போட்டா ஈரத்துல ஊதிப்போகும்" என்று அவரே சொல்லிவிட்டார்.

லேமினேட்டில் நடந்தால் டொக்கு டொக்கு என்று சத்தம். நீ நடந்து வரும் சத்தம் எனக்குத் தெரியும். அதில் நடந்தால் வீட்டுச் சொந்தக்காரன் வாடகை கேட்டு வருகிற மாதிரி இருக்கும். வேண்டாம் என்றேன். கடைசியில் சொரசொரப்பான மர டைல்ஸில் தடி அப்படியே நின்றது. மருமகள் கட்சி ஜெயித்தது. வீடு வந்து சேரும்வரை அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டிகள் வந்து இறங்கின. பிரித்துப் பரப்பியபோதுதான் பார்த்தேன். ஒரு பலகையில், கிளை முளைத்த இடத்தில் இருக்குமே வட்டமான கணு, அது இருந்தது. தூங்கி எழுந்ததும் உன் தம்பி ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து என்னை ஒரு பார்வை பார்ப்பானே, அதே கண். அடுத்த பெட்டியைப் பிரித்தால் அதிலும் அவனே. எல்லாப் பெட்டியிலும் மச்சான் இருக்கிறான். ஒரே மரத்தைப் படம் எடுத்துத் திரும்பத் திரும்ப அச்சடித்திருக்கிறார்கள்.

டைல்ஸ் போடுகிறவர், "எல்லாத்தையும் கலந்து போட்டுடுவேன் பெரியவரே, கண்ணுக்கே தெரியாது. அதுதானே எங்க வேலை" என்றார். எனக்குத் தெரியுமே, எனக்குத்தான் ஒரு தடவை பார்த்தால் மறக்காதே, திருப்பி அனுப்பு என்று நான் கத்தினேன். மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தரையைப் போய் யாருப்பா இப்படி உத்துப் பாத்துக்கிட்டு இருக்கப் போறா?" என்றான்.

அப்படிப் பார்க்க நீ இருக்கிறாயே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலையில்தான் மகள் போன் செய்திருந்தாள். யாராவது கையைப் பிடித்தால்தான் நடக்கிறாயாம். தனியாக விட்டால் தரையையே பார்த்துக்கொண்டு, "எங்க கால வைக்கிறதுன்னு தெரியலடி" என்று நின்றுவிடுகிறாயாம்.

எழுத்து தெரியாதவன் லாரி ஓட்டியது எப்படி என்று கல்யாணமான புதிதில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? ஊர்ப் பெயர்ப் பலகையை நான் பார்த்ததே இல்லை. கூன் விழுந்த மரம், அப்புறம் பச்சைக் கதவு, அப்புறம் பாதி இடிந்த சுவர். ஒன்று கண்ணில் பட்டால் அடுத்ததைத் தேடிப் போவேன். வழி தப்பியதே இல்லை. உனக்கும் அப்படித்தான் ஒரு வழி வேண்டும் என்று தோன்றியது.

டைல்ஸ்காரரிடம் கணு உள்ள பலகைகளைத் தனியாக எடுக்கச் சொன்னேன். உன் நடையின் அளவுக்கு எங்கே போவது? பின்கட்டில் சிமெண்ட் காய்வதற்குள் நீ குறுக்கே நடந்து கொத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அந்தக் காலடி இன்னும் இருக்கிறது. ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரத்தைக் கயிற்றால் அளந்தேன். அப்போது உனக்கு எப்போதும் அவசரம். அதனால் ஒரு சாண் குறைத்துக்கொண்டேன். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போட்டால் கணக்குச் சரியாக வந்தது.

டைல்ஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பாக்கிறவங்க எனக்குத் தொழில் தெரியலன்னு சொல்லுவாங்க, நான் போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். வேலை முடிந்ததும் அவரே அந்தக் கணுக்களின் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து நடந்து பார்த்தார். திரும்பவும் ஒருமுறை நடந்தார்.

உன் கட்டிலில் நீ கால் இறக்குகிற பக்கத்தில் முதல் கணு. அங்கிருந்து குளியலறைக் கதவு வரை ஒரு வழி. அதே கணுக்களைப் பிடித்துக் கட்டிலுக்குத் திரும்பி வந்தால், அங்கிருந்து கூடத்து ஜன்னல் வரை இன்னொரு வழி. வழி முழுக்க உன் தம்பி உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இந்த வீட்டில் அவன் செய்த முதல் உபகாரம் இதுதான். இந்த வரியை எழுத மாட்டேன் என்று மருமகள் பேனாவை மூடினாள், பிறகு சிரித்துக்கொண்டே எழுதிவிட்டாள்.

ஜன்னலோரம் நம் இரண்டு நாற்காலியும் பழையபடி இருக்கின்றன. கடைசிக் கணு என் நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. பலகை மிச்சம் இருக்கிறது, இன்னும் ஒன்று போடட்டுமா என்று டைல்ஸ்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஓர் அடி தூரத்துக்கு நான் எழுந்து வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. நீ மெதுவாகவே வா, ஆனால் வந்துவிடு.

இப்படிக்கு,
கையெழுத்துக்குப் பதில் எப்போதும்போல் கட்டைவிரலை வைக்கும்
உன் வீட்டுக்காரன்