அனுப்புநர் முகவரி

12.11.2014, புதன்

விடிந்தால் முதல் ஷிப்ட், பாய்லர் டியூட்டி. தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் கடற்கரையிலிருந்து தம்பி குவார்ட்டர்ஸுக்கு வந்தான். நாங்கள் பிறந்த வீட்டின் கடைசிச் சுவரும் போன வாரம் கடலில் விழுந்துவிட்டதாம். ஒரு மனு எழுதித் தரச் சொன்னான்.

"கடலைக் காப்பாத்தற பொறுப்பு எல்லா நாட்டுக்கும் சட்டப்படி இருக்குதாம், அண்ணே. ஆனா யாரு மேல கேஸ் போடறதுன்னு வக்கீலுக்கே தெரியல. உலகம் பூரா வுடற புகையாலதான் கடல் ஏறிக்கினு வருதாம்."

புகை என்றதும் தலையைக் குனிந்துகொண்டான். ஜன்னலில் எங்கள் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அவனுடைய படகே என் சம்பளத்தில் வாங்கியதுதான்.

'அனுப்புநர்' என்று எழுதி, பழக்கத்தில் அந்த வீட்டு எண்ணையே போட்டேன். என் கையைப் பிடித்தான்.

"அந்த வூடுதான் இல்லியே அண்ணே. பதில் வந்தா எங்க வரும்? ஒன் அட்ரஸையே போட்டுடு."

அதை அடித்துவிட்டு என் பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் எழுதினேன். 'பெறுநர்' என்பதற்குக் கீழே என்ன எழுதுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. "நீ யோசிச்சு எழுதி வை, அண்ணே" என்று பாயில் படுத்துவிட்டான். படித்தவன், எனக்குத் தெரியும் என்று நம்புகிறான்.

இரண்டு மணி நேரமாக யோசிக்கிறேன். எந்த ஆபீஸின் பெயரும் வரவில்லை. கடைசியில் அங்கேயும் என் முகவரியையே எழுதிவிட்டேன்.

கிழிக்க வேண்டும். கை வரவில்லை. அவன் எழுந்து அதைப் படிக்கும்போது நான் பாய்லர் முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.